சினைப்பைப் புற்றும் பெரிட்டோனியப் புற்றும்: மரபணுவில் எவ்வளவு வித்தியாசம்?

வயிற்றறையின் உட்புறம் படர்ந்த மெல்லிய உறைதான் பெரிட்டோனியம். அதில் தோன்றும் சீரஸ் எனும் வகைப் புற்றையும், சினைப்பையின் ஹை-கிரேடு (வேகமாக வளரும்) சீரஸ் புற்றையும் மைக்ரோஸ்கோப்பில் பிரித்தறிவது கடினம். இரண்டிலும் பேக்ஸ்8, டபிள்யூடி1 புரதங்கள் பெரும்பாலும் தென்படும். அப்புறம் எப்படித்தான் பிரித்தார்கள்? மூலக்கூறை வைத்து அல்ல, இடத்தை வைத்து. சினைப்பை இயல்பான அளவில் இருந்து, அதில் கட்டி இல்லாமலோ மேலோட்டமாகவோ இருந்தால் பெரிட்டோனியப் புற்று என்றார்கள்.

மரபணுவிலும் ஒற்றுமையே ஓங்கி நிற்கிறது. 2011-இல் வெளியான, புற்றுகளின் மரபணுக்களை ஆராயும் டிசிஜிஏ திட்டத்தின் ஆய்வில், சினைப்பை சீரஸ் கட்டிகளில் 96 சதவீதத்தில் புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணு பழுதாகியிருந்தது. பெரிட்டோனியப் புற்றிலும் அதே பழுதுதான் முதன்மை. பரம்பரையாக வரக்கூடிய பிஆர்சிஏ மரபணுப் பிறழ்வு இரண்டுக்குமே ஆபத்தைக் கூட்டும். அதனால்தான் முன்னெச்சரிக்கையாகச் சினைப்பைகளை அகற்றிய பெண்களுக்கும் பெரிட்டோனியப் புற்றின் ஆபத்து சிறிதளவு மிஞ்சுகிறது. இதை மருத்துவர்கள் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வேறுபாடு? பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள சிலரின் பெரிட்டோனியக் கட்டிகளில் இடத்துக்கு இடம் வெவ்வேறு டிபி53 பிறழ்வுகள் காணப்பட்டன. அதாவது, ஒரே நேரத்தில் பல இடங்களில் முளைத்திருக்கலாம். சினைப்பைப் புற்று பெரும்பாலும் ஒரே செல் வழி வந்தது.

ஆனால் இரண்டில் பலவும் கருக்குழாயின் நுனியில் தொடங்குபவை என்றே இன்று கருதப்படுகிறது. 2014 முதல் ஃபிகோ எனும் சர்வதேச மகப்பேறு, பெண்நோய் மருத்துவக் கூட்டமைப்பு, சினைப்பை, கருக்குழாய், பெரிட்டோனியம் மூன்றின் புற்றுக்கும் ஒரே நிலைப் பகுப்பைத்தான் (நோய் எவ்வளவு பரவியுள்ளது என்ற வகைப்பாடு) வைத்திருக்கிறது. கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் எனும் புற்று மருந்துகளின் சிகிச்சையும் பொதுவே.