டார்வின் கடிதங்கள், ஏழாவது தொகுதி: வாங்கலாமா?

ஏழாவது தொகுதி பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கிப் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1858, 1859 ஆகிய இரண்டு வருஷக் கடிதங்கள் அதில் இருக்கின்றன. டார்வின் பல வருஷமாக வைத்திருந்த இயற்கைத் தேர்வுக் கருத்தைத் தானாகவே எட்டிவிட்ட இயற்கை ஆய்வாளர் வாலஸ் எழுதிய கடிதம் வந்து டார்வினின் தூக்கத்தைக் கெடுத்தது 1858 ஜூனில். ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது 1859 நவம்பர் 24-இல். அதனால் யாராக இருந்தாலும் முதலில் கைவைப்பது இந்தத் தொகுதியில்தான். இந்த வரிசையோடு பல வருஷமாகப் புழங்கி வருகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1985-இல் தொடங்கி 2023-இல் முடிந்த 30 தொகுதிகள், 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள், அத்தனையும் இணையத்தில் இலவசம். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எழுத்து, தாள், கட்டுமானம் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை தடவை விரித்து வைத்தாலும் முதுகு பிரிந்ததில்லை.

என்னைப் பிடித்து வைத்திருப்பவை புகழ்பெற்ற கடிதங்கள் இல்லை. உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன், இதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று 1844 ஜனவரியில் தாவரவியல் நண்பர் ஹூக்கருக்கு எழுதினாரே, அதை எல்லோரும் மேற்கோள் காட்டியாகிவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்க வைப்பவை அவர் கேட்டு வாங்கும் கடிதங்கள். கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற கிராமத்தில், பாதி நாள் வயிற்று உபாதையோடு உட்கார்ந்துகொண்டு, ஊர் உலகத்தையே கேள்வி கேட்கிறார் மனிதர். கோழி, புறா விஷயமென்றால் டெகெட்மையர். அமெரிக்கச் செடிகளென்றால் ஆசா கிரே. பிரேசிலிலிருந்து ஃப்ரிட்ஸ் முல்லர். நம்ம சென்னையில் அரசு உத்தியோகத்தில் இருந்த வால்டர் எலியட்டையும் விடவில்லை: வீட்டுப் புறா, கோழி இவற்றின் தோல்களைப் பதப்படுத்தி அனுப்ப முடியுமா என்று 1856 ஜனவரியில் எழுதுகிறார். எலியட் அனுப்பியும் வைத்தார். ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் அத்தியாயத்தில், புறாக்களைப் பற்றிப் பேசும் இடத்தில், அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார் டார்வின்.

கேட்கிற விதம்தான் அழகு. தொந்தரவு கொடுக்க வெட்கமாக இருக்கிறது என்று ஆரம்பிப்பார், அடுத்த பக்கத்திலேயே இன்னும் நாலு கேள்வி வைப்பார். தோட்டக்காரர், பிரபு, பாதிரியார் என்று ஆள் பார்த்துக் குரல் மாற்றுவதில்லை. நேரில் பார்த்துச் சொன்னால் போதும், சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

1855-ஆம் வருஷத்துக் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டி விதைகள் தாமாகப் போய்ச் சேர முடியுமா என்று பார்க்க, முள்ளங்கி, முட்டைகோஸ், கேரட், வெங்காயம் என்று விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறார். சில தண்ணீர் நாறிப்போகிறது. சீக்கிரமே செத்துவிடும் என்பது ஹூக்கரின் எண்ணம். அப்பா ஹூக்கரைத் தோற்கடித்துவிடுவாரா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அந்த ஹூக்கருக்கே எழுதுகிறார். விதைகள் முளைத்துவிட்டன. அப்புறம்தான் வேறொரு சிக்கல் தெரிகிறது: அவை மிதக்காமல் மூழ்கிவிடுகின்றன. மிதக்காவிட்டால் கடலை எப்படித் தாண்டும்? இந்த நன்றிகெட்ட பயல்களுக்கு உப்புப் போட்டதெல்லாம் வீணாகிவிடும்போலிருக்கிறதே என்று புலம்புகிறார். நூலில் இதே சோதனை நிதானமான பத்திகளாக வரும். புலம்பல் கடிதத்தில் மட்டும்தான்.

கடைசித் தொகுதியில் இன்னொன்று. 1882 பிப்ரவரியில், நார்தாம்ப்டனில் காலணித் தொழிலில் இருந்த வால்டர் க்ரிக் என்பவர், காலில் சின்னஞ்சிறு சிப்பி கவ்விக்கொண்டிருந்த ஒரு நீர்வண்டு கிடைத்ததாக எழுதுகிறார். நன்னீர்ச் சிப்பிகள் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு எப்படிப் போகின்றன என்பது டார்வினை நெடுங்காலமாகக் குடைந்த கேள்வி. உடனே விவரம் கேட்டு எழுதுகிறார். வண்டே தபாலில் வந்து சேர்கிறது. இன்னும் லேசாக உயிர் இருக்கிறது என்று பார்த்து, வேதனையில்லாமல் சீக்கிரம் போகட்டும் என்று நறுக்கிய லாரல் இலைகளோடு ஒரு குப்பியில் போட்டு வைத்ததாகப் பதில் எழுதுகிறார். 73 வயது, நெஞ்சுவலி வேறு. ஏப்ரல் 6-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றிய குறிப்பு வந்தது. 19-ஆம் தேதி காலமானார். அந்த க்ரிக்கின் பேரன்தான் பின்னாளில் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் க்ரிக். இந்தக் கடிதங்களுக்காக மட்டுமே முப்பதாவது தொகுதியைக் கையில் வைத்திருக்கலாம்.

பதிப்பாசிரியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டார்வின் பல கடிதங்களில் தேதியை முழுசாகப் போடமாட்டார். ‘சனிக்கிழமை’ என்றிருக்கும், அல்லது வெறும் ‘18’ என்றிருக்கும். எந்த மாசம், எந்த வருஷம் என்பதை உள்ளே இருக்கும் செய்தியையும் பிற கடிதங்களையும் வைத்து அவர்கள் தேடிக் கண்டுபிடித்து, சதுர அடைப்புக்குள் போட்டிருக்கிறார்கள். கூடவே எப்படி முடிவு செய்தார்கள் என்று அடிக்குறிப்பும் இருக்கும். 1974-இல் ஃபிரெடரிக் பர்க்ஹார்ட் தொடங்கி வைத்த வேலை இது. அவர் 2007-இல் காலமான பிறகும் தரம் குறையவில்லை. சில கடிதம் பத்து வரிதான், குறிப்பு ஒரு பக்கம் போகும். எனக்கு அது பிடித்தேயிருக்கிறது.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

1862-க்கு முன்னால் டார்வினுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. காரணத்தை அவருடைய மகன் ஃபிரான்சிஸே எழுதி வைத்திருக்கிறார். வருகிற கடிதங்களைக் கடையில் பில் குத்தி வைக்கிற மாதிரி கம்பியில் குத்தி வைப்பாராம். கையில் இருந்த கம்பிகள் கொஞ்சம்தான். எல்லாம் நிறைந்துபோனால், பல வருஷக் கடிதங்களை எடுத்து எரித்துவிட்டு, காலியான கம்பிகளைத் திரும்பப் பயன்படுத்துவாராம். புதுக் கம்பி வாங்கப் பணமில்லாத வீடா அது? வரவு செலவை வருஷக்கணக்கில் வரிவிடாமல் எழுதி வைத்த மனிதர் அவர். எரித்ததற்குத் தப்பிய சிலதும் கத்தரிக்கோலுக்குத் தப்பவில்லை. எந்தக் குறிப்பு எந்தப் பொருளுக்குத் தேவையோ, அந்தத் துண்டை மட்டும் வெட்டி அந்தந்தக் கோப்பில் போட்டுவிடுவார். 1857-இல் வாலஸ் எழுதிய ஒரு கடிதம் இன்று துண்டாகத்தான் கிடைக்கிறது.

வேலை செய்கிறவருக்கு அது வசதி, ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வருகிறவர்கள் படிப்பார்கள் என்று நினைத்து யாரும் கடிதத்தைச் சேர்ப்பதில்லை, அதுவும் சரி. ஆனால் கெஞ்சிக் கெஞ்சி எழுத வைத்தது யார்? ஹூக்கர், புவியியலாளர் லையல், கிரே எல்லோரும் அவருடைய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். வாலஸ் தீவு தீவாக அலைந்தபோதும் டார்வின் எழுதியதை வைத்திருந்தார். அதனால்தான் இன்று நமக்கு 30 தொகுதிகள். முதல் ஒன்பது தொகுதிகளிலும் எத்தனையோ இடங்களில் டார்வின் பதில் சொல்கிறார், கேள்வி இல்லை. நன்றி சொல்கிறார், எதற்கு என்பது தெரியவில்லை. அடிக்குறிப்பில் ‘இந்தக் கடிதம் கிடைக்கவில்லை’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது.

ஏழாவது தொகுதியில் இது உச்சத்துக்குப் போகிறது. 1858 ஜூன் மாதக் கடிதங்களை ஒரே மூச்சில் படித்துவிடலாம். நீங்கள் எச்சரித்தபடியே வாலஸ் என்னை முந்திவிட்டார் என்று லையலுக்கு எழுதுகிறார். நான் அற்பத்தனமாக நடந்துகொண்டேன் என்று வாலஸோ வேறு யாருமோ நினைப்பதைவிட, என் புத்தகம் முழுவதையும் எரித்துவிடுவேன் என்று 25-ஆம் தேதி எழுதுகிறார். 28-ஆம் தேதி கைக்குழந்தை சார்லஸ் வேரிங் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோகிறான். 29-ஆம் தேதி ஹூக்கர் கேட்ட தன் பழைய எழுத்துகளை அனுப்பிவிட்டு, எல்லாம் கைமீறிப் போயிருக்கும், எனக்கு அதில் அக்கறையும் இல்லை என்கிறார். ஜூலை 1 அன்று லண்டனில் இயற்கை ஆய்வாளர்கள் கூடும் லின்னியன் சங்கத்தில் இருவருடைய எழுத்தும் வாசிக்கப்பட்டபோது, அவர் பிள்ளையை அடக்கம் செய்துகொண்டிருந்தார். இந்த சில பக்கங்களுக்கு இணையாக அறிவியல் வரலாற்றில் நான் எதையும் படித்ததில்லை.

ஆனால் இத்தனைக்கும் காரணமான வாலஸின் கடிதம் இல்லை. அதோடு வந்த கட்டுரையின் மூலப்பிரதியும் இல்லை. லையலுக்கு எழுதிய கடிதத்தில் இருப்பதோ வெறும் ‘18’. அதனால் வாலஸ் தபால் அனுப்பிய டெர்னாட்டே தீவிலிருந்து அது எந்தக் கப்பலில் கிளம்பியது, சிங்கப்பூர், இலங்கையின் காலித் துறைமுகம், சூயஸ் வழியாக எந்தத் தேதியில் இங்கிலாந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கப்பல் அட்டவணைகளை வைத்து இன்றுவரை சண்டை போடுகிறார்கள். டார்வின் கடிதத்தைச் சில நாள் மறைத்து வைத்திருந்தாரா என்ற சந்தேகமே இதனால் வந்ததுதான். மறைத்திருக்கமாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன். அவர் நேர்மையானவர் என்பதற்கு இதே தொகுதியில் வேண்டிய மட்டும் சாட்சி இருக்கிறது. ஒரு உறையைப் பத்திரப்படுத்தியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

போன வாரம் அந்தப் பக்கங்களை மறுபடியும் படித்தேன், இன்னும் ஆறவில்லை. அதனால் பாதி விலையென்றாலும் ஏழாவதை வாங்காதீர்கள். அந்த ஜூன் மாதத்தை இணையத்திலேயே படித்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஐந்தாவதை வாங்குங்கள், 1851 முதல் 1855 வரை. உப்புத் தண்ணீர் விதைகள் அதில்தான் இருக்கின்றன.