குளோப் அரங்கின் முற்றத்தில் நின்று பார்த்த காடு

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் ஷேக்ஸ்பியர் குளோப் அரங்கில் அவருடைய 'ஆஸ் யூ லைக் இட்' நாடகம் பார்த்தேன். முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் இருப்பதிலேயே மலிவு. என்னைக் கேட்டால் அங்கே சிறந்த இடமும் அதுதான், கால் ஒத்துழைத்தால்.

நாடகத்தின் பெரும்பகுதி ஆர்டன் காட்டில் நடக்கிறது. மேடையிலோ பெயருக்கு ஒரு செடி கிடையாது. கூரையைத் தாங்கும் இரண்டு தூண்கள், பின்சுவரில் கதவுகள், அவ்வளவுதான். தூண்கள் ஓக் மரத்தால் ஆனவை. சலவைக்கல் போலத் தெரிய வண்ணம் பூசியிருக்கிறார்கள். கிட்டே நின்றால்தான் மரம் என்பது தெரிகிறது. நாயகன் ஆர்லாண்டோ தன் காதல் கவிதையை அந்தத் தூணில் செருகிவிட்டு ஓடினான். அதன் பிறகு அதைத் தூணாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 'சரி, இதுதான் ஆர்டன் காடு' என்கிறாள் அவன் காதலிக்கும் ரோசலிண்ட். வீட்டில் இருந்தபோது இதைவிட நல்ல இடத்தில் இருந்தேனே என்று அலுத்துக்கொள்கிறான் விதூஷகன் டச்ஸ்டோன். இந்த இரண்டு வசனம் போதும், காடு வந்துவிடுகிறது.

பெயர் வேண்டாம், வேறோர் ஊரின் அரங்கில் இதே நாடகத்துக்குப் பிளாஸ்டிக் கொடிகளும் புகையும் ஒலிபெருக்கியில் பறவைச் சத்தமும் வைத்திருந்தார்கள். செலவு கண்ணுக்குத் தெரிந்தது, நாடகம் தெரியவில்லை.

ஏனென்றால் இந்தக் காட்டுக்கு இயற்கையை ரசிக்க வந்தவர் எவரும் இல்லை. தம்பியிடம் நாட்டைப் பறிகொடுத்த டியூக்குக்கு இது வனவாசம். ரோசலிண்ட் நாடு கடத்தப்பட்டவள். ஆர்லாண்டோ, அண்ணன் கொல்லப் பார்க்கிறான் என்று ஓடி வந்தவன். குளிர்காற்று அரசவைக்காரர்களைப் போல முகத்துதி செய்வதில்லை என்று டியூக் மெச்சுகிறார். மெச்சும்போதே குளிரில் ஒடுங்குகிறார். மேய்ப்பன் கோரினோ தான் மேய்க்கும் ஆடுகளின் ரோமம்கூடத் தனக்குச் சொந்தமில்லை என்கிறான். முதலாளி கஞ்சன், குடிசையும் மந்தையும் விலைக்கு வந்திருக்கின்றன. காட்டிலும் கணக்கு வழக்கு உண்டு. போதாததற்கு ஒரு பெண் சிங்கம் வேறு, எந்த ஊர்க் காடு என்று கேட்கவே கூடாது!

அங்கே இல்லாதது ஒன்றுதான்: நீ யார், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும் அரண்மனை. அதனால்தான் ரோசலிண்ட் ஆண் வேடத்தில், 'என்னையே ரோசலிண்டாக நினைத்துக் காதலித்துப் பழகு' என்று ஆர்லாண்டோவுக்குப் பாடம் எடுக்க முடிகிறது. அன்றைய மேடையில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள். பையன் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாகி, அந்த ஆண் பெண்ணாக நடிக்கும் கூத்தை அரசவையில் வைத்திருந்தால் ஐந்து நிமிடம் தாங்காது. 'காட்டில் ஏது கடிகாரம்?' என்று ஆர்லாண்டோ சொன்னபோது முற்றத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசலிண்ட் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு பேரும் சிரித்தோம். இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் அரங்குகளில் இது நடக்காது.

கட்டடத்துக்கும் மரத்தோடு பழைய உறவு உண்டு. 1598 டிசம்பரில் ஷேக்ஸ்பியரின் குழுவினர் ஷோர்டிச்சில் இருந்த தங்கள் பழைய அரங்கைப் பிரித்து, அந்த மரங்களைக் கொண்டே 1599இல் முதல் குளோபைக் கட்டினார்கள். இந்த நாடகமும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில் எழுதப்பட்டதுதான். இன்றைய அரங்கம் அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கரின் பிடிவாதத்தால் எழுந்தது. 1997இல் திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. கூரை நாணல் வேய்ந்தது. 1666 தீ விபத்துக்குப் பிறகு லண்டனில் அனுமதி பெற்ற முதல் வேய்ந்த கூரை இது.

போகிறவர்களுக்கு: முற்றத்துக்கு மேலே கூரை கிடையாது, குடை பிடிக்கவும் விடமாட்டார்கள், மழைக்கோட்டு கட்டாயம். தரையில் உட்காரவும் அனுமதி இல்லை. சீக்கிரம் போய் மேடை விளிம்பைப் பிடித்துவிட்டால் முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். தூணுக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள். முதுகுவலிக்காரர்கள் மாடத்தில் இருக்கை எடுக்கலாம். அங்கே மரப் பெஞ்சுதான், வாடகைக்குக் கிடைக்கும் மெத்தையைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.