தனிவழியா, பொதுவழியா: அரபு நாடுகளின் சமாதானத் திட்டங்கள்

1981 நவம்பர் 25. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அரபு உச்சி மாநாடு கூடியது. சில மணி நேரத்திலேயே கலைந்தும் போனது. சவூதிப் பட்டத்து இளவரசர் ஃபஹத் அந்த ஆகஸ்டில் இஸ்ரேலுடனான சமாதானத்துக்கு எட்டு அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டிருந்தார். அதன் ஏழாவது அம்சம்தான் பிரச்சினை. இந்தப் பகுதியிலுள்ள எல்லா நாடுகளுக்கும் அமைதியாக வாழும் உரிமை உண்டு என்றது அது. இஸ்ரேல் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் 'எல்லா நாடுகளும்' என்றால் இஸ்ரேலும் அடக்கம்தானே? சிரிய அதிபர் ஹாஃபிஸ் அல் அசத் மாநாட்டுக்கே வரவில்லை.

"அரபு நாடுகளுக்குள் ஒற்றுமை கிடையாது" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவர்களுடைய சண்டைகளை நெருங்கிப் பார்த்தால் இரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் எது நடக்க வேண்டும், நிலம் திரும்புவதா, அங்கீகாரம் தருவதா? பாலஸ்தீனர்களுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு?

1967 ஜூன் போரில் இஸ்ரேல் பிடித்த இடங்கள் பற்றி, அந்த நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242-ஆம் தீர்மானம் வந்தபோதே பிளவு தெரிந்துவிட்டது. எகிப்தும் ஜோர்தானும் ஏற்றன, சிரியா மறுத்தது. ஆங்கில வாசகப்படி இஸ்ரேல் 'ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து' விலக வேண்டும். 'the' என்ற சொல் இல்லாததால் எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்பது அதில் தெளிவாக இல்லை. அந்தச் சொல்லுக்கு இணையானது இருந்த பிரெஞ்சு வாசகமோ அரபு நாடுகளின் வாதத்துக்குச் சாதகமாக இருந்தது. தமிழில் எழுதினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இவ்வளவு சின்ன இடைவெளியில்தான் சிரியாவின் கோலன் குன்றுகளும் மேற்குக் கரையும் மாட்டிக்கொண்டன. 1973 போரின்போது வந்த, 242-ஐ நிறைவேற்றச் சொன்ன 338-ஆம் தீர்மானத்தை ஏற்றதன் மூலம்தான் சிரியா 242-க்குள் வந்தது.

சரி, இப்போது தனிவழிக்கு, அதாவது ஒரு நாடு மட்டும் தனியாக இஸ்ரேலுடன் பேசி முடிப்பதற்கு வருவோம். 1977 நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத் ஜெருசலேமுக்கே போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பேசினார். அந்தப் பயணத்தை ஏற்காமல் அவருடைய வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் ஃபஹ்மி பதவி விலகினார். அடுத்து வந்த முகமது இப்ராஹிம் காமில் 1978 செப்டம்பரில், அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேலுடன் பேச்சுவார்த்தை நடந்த இடத்திலேயே விலகினார். ஒரு வருடத்துக்குள் இரண்டு வெளியுறவு அமைச்சர்கள்! அவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஏனென்றால் கேம்ப் டேவிட்டில் கையெழுத்தானவை இரண்டு ஆவணங்கள். எகிப்து பற்றியது நடந்தேறியது. 1979 மார்ச் 26-ல் இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம் ஆனது, 1967-ல் இழந்த சினாய் தீபகற்பம் 1982 ஏப்ரலில் திரும்பி வந்தது. மேற்குக் கரைக்கும் காசாவுக்கும் தன்னாட்சி என்ற மற்ற ஆவணம் காகிதத்திலேயே நின்றது.

அதற்கு எகிப்து கொடுத்த விலை பெரியது. அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் அதை இடைநீக்கம் செய்து, தலைமையகத்தைக் கெய்ரோவிலிருந்து துனிஸுக்குக் கொண்டுபோனது. மறுபடி உறுப்பினராகச் சேர 1989 வரை ஆனது. சதாத் 1981 அக்டோபர் 6-ல் கொல்லப்பட்டார். ஃபெஸ் மாநாடு உடைந்தது அதற்கு ஏழு வாரம் கழித்து.

மறுப்பு வழியில் நின்ற சிரியா, லிபியா, அல்ஜீரியா, தெற்கு ஏமன் ஆகியவற்றுக்கு நிலம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பயம் நியாயமானது. எகிப்து விலகிக்கொண்டால் மிச்சமிருப்பவர்களின் பேரம் பலவீனமாகும் என்றார்கள். சினாய் கைமாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1982 ஜூனில் இஸ்ரேல் படை லெபனானுக்குள் புகுந்தது.

பெய்ரூட் முற்றுகை முடிந்து பாலஸ்தீன விடுதலை இயக்கம் அங்கிருந்து வெளியேறிய கையோடு, செப்டம்பரில் அதே ஃபெஸ் நகரில் மாநாடு மீண்டும் கூடியது. இந்தமுறை திட்டம் நிறைவேறியது. ஏழாவது அம்சத்தை மாற்றி எழுதினார்கள். சுதந்திர பாலஸ்தீனம் உட்பட எல்லா நாடுகளுக்கும் இடையிலான அமைதிக்குப் பாதுகாப்பு சபை உத்தரவாதம் தரும் என்றானது. அங்கீகரிப்பது அரபு நாடுகளின் வேலை இல்லை, உத்தரவாதம் சபையின் வேலை. கூடவே பாலஸ்தீனர்களின் ஒரே பிரதிநிதி விடுதலை இயக்கம்தான் என்றும் சேர்த்தார்கள்.

எல்லா அரபு நாடுகளும் சேர்ந்தே பேசும் பொதுவழியின் உச்சம் 2002 மார்ச் மாத பெய்ரூட் மாநாடு. 1967-ல் பிடித்த இடங்களிலிருந்து முழுதாக விலகு, கிழக்கு ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீனத்தை ஏற்றுக்கொள், நாங்கள் எல்லோரும் உறவு கொள்கிறோம் என்பது சவூதி இளவரசர் அப்துல்லாவின் யோசனை. 'முழுமையான உறவு இயல்பாக்கம்' என்று ஆரம்பித்தது, இறுதி ஆவணத்தில் 'இயல்பான உறவுகள்' ஆனது. 'இயல்பாக்கம்' என்ற சொல் அரபு மக்களிடம் வசையாகவே ஆகிவிட்டது, சிரியா அதை ஒப்பவில்லை. பாலஸ்தீன அகதிகள் தன் மண்ணிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடாது என்று லெபனான் வற்புறுத்தியது. அதுவும் ஆவணத்தில் இடம்பெற்றது.

அந்த மண்டபத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. எகிப்தின் முபாரக்கும் வரவில்லை, ஜோர்தான் மன்னரும் வரவில்லை. மேற்குக் கரையின் ரமல்லாவில் முடக்கப்பட்டிருந்த பாலஸ்தீனத் தலைவர் அரபாத் காணொளி வழியாகப் பேசவிருந்தார். தலைமை வகித்த லெபனான் அதிபர் லஹூத் நேரலைக்கு அனுமதிக்கவில்லை. பாலஸ்தீனத் தூதுக்குழு எழுந்து வெளியேறியது. யாருக்காக மாநாடு நடந்ததோ அவர்களே அன்று அங்கே இல்லை. அன்றிரவே இஸ்ரேலின் நெதன்யா நகரின் விடுதி ஒன்றில் ஹமாஸ் நடத்திய குண்டுவெடிப்பில் 30 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் இஸ்ரேல் டாங்கிகள் ரமல்லாவுக்குள் நுழைந்தன. திட்டத்தை யாரும் படித்துப் பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை.

கேம்ப் டேவிட், பெய்ரூட் இரண்டையும் அருகருகே வைத்தால் நான் பெய்ரூட் ஆவணத்தின் பக்கம்தான். அதில் மட்டும்தான் பாலஸ்தீனர்களின் பங்கு பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்படவில்லை. அதன் குறையும் எனக்குத் தெரிகிறது. முதல் மாதம் என்ன, ஆறாவது மாதம் என்ன, மீறினால் என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. சதாத்தின் ஒப்பந்தத்தில் சினாயிலிருந்து படை எப்போது எந்தக் கோடுவரை பின்வாங்கும் என்பதுகூட எழுதப்பட்டிருந்தது. தனிவழிக்காரர்களிடம் கால அட்டவணை இருந்தது, பொதுவழிக்காரர்களிடம் நியாயம் இருந்தது. இரண்டும் ஒரே காகிதத்தில் சேரவில்லை.

அப்புறம் 2020 வந்தது. ஐக்கிய அரபு எமிரேட்ஸும் பஹ்ரைனும் செப்டம்பர் 15-ல் வாஷிங்டனில் இஸ்ரேலுடன் கையெழுத்திட்டன. எகிப்து தன் நிலத்தை மீட்கப் போனது, இந்த இரண்டு நாடுகளுக்கும் இஸ்ரேலிடமிருந்து மீட்க வேண்டிய நிலமே கிடையாது. எமிரேட்ஸைக் கண்டிக்கும் வரைவை ஆறு நாள் முன்பு பாலஸ்தீனம் அரபு லீக்கில் கொண்டுவந்தது. 1979-ல் தலைமையகத்தையே இடம் மாற்றிய அமைப்பு, இந்தமுறை ஒரு கண்டன வரியைக்கூட நிறைவேற்றவில்லை. அந்த மாதம் 22-ஆம் தேதி, லீக் கூட்டங்களுக்குச் சுழற்சி முறையில் தனக்குக் கிடைத்திருந்த தலைமைப் பொறுப்பைப் பாலஸ்தீனம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது.