பைலகுப்பே திபெத்தியக் கடை: துக்பாவுக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம்

கூர்க் போறவங்க நெறய பேரு பைலகுப்பேல இறங்கி கோல்டன் டெம்பிள்ல போட்டோ எடுத்துட்டு உடனே வண்டி ஏறிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. திபெத்திய அகதிங்க குடியிருக்குற கேம்ப்புக்குள்ள போற ரோட்டுல ஒரு திபெத்தியக் குடும்பம் நடத்துற சின்ன கடை இருக்கு, நாலஞ்சு டேபிள்தான். துக்பா கட்டாயம் சாப்பிடுங்க. நூடுல்ஸ கையாலயே இழுக்குறாங்க, சூப்பு எலும்பு போட்டு நிதானமா கொதிக்க வச்சது, நம்ம மசாலா வாசம் கொஞ்சம்கூட இருக்காது, ஆனா டேபிள்ல இருக்குற மிளகா சட்னில ஒரு ஸ்பூன் கலந்துட்டா கிண்ணம் காலியாகுறதே தெரியாது. கறி வச்சுப் பொரிச்ச ஷபலேய சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடணும். மோமோ பரவால்ல. பட்டர் டீ உப்புப் போட்டது, எனக்குப் பிடிச்சுது, எல்லாருக்கும் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன்.

கல்லால இருந்த அக்கா கன்னடம் சரளமா பேசுறாங்க, தமிழும் கொஞ்சம் வருது, குளிர்காலத்துல அவங்க வீட்ல ஸ்வெட்டர் விக்க கோயம்புத்தூர் வரைக்கும் வருவாங்களாம். அவங்க தாத்தா லாசாக்காரர். 1959 மார்ச் 10 அன்னிக்கு அங்க ஜனங்க சீன ஆட்சிய எதிர்த்து தெருவுக்கு வந்தாங்க, ராணுவம் அத நசுக்குச்சு, தலாய் லாமா இந்தியா வந்தாரு, அவர் பின்னாடியே ஆயிரக்கணக்கான பேரு பனிமலையத் தாண்டி நடந்து வந்தாங்க. அப்போதைய மைசூர் அரசு இங்க சுமார் 3,000 ஏக்கர் குடுத்துச்சு, ஆனா அது வெறும் காடு. குளிர்லயே வளந்தவங்க இந்த வெயில்ல மரம் வெட்டி நெலம் திருத்துறாங்க, போட்ட மக்காச்சோளத்த யானை வந்து மிதிச்சுட்டுப் போகுது, நோய்ல சனம் சாகுது, அப்பவும் அடுத்த வருஷம் மறுபடி விதைச்சிருக்காங்க பாருங்க, அந்தத் தைரியத்த நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது. நாம போட்டோ எடுக்குற அந்த நம்ட்ரோலிங் மடம்கூட 1963ல பெனோர் ரின்போச்சேங்குற திபெத்திய குரு மூங்கில்ல கட்டி ஆரம்பிச்சதுதான்.

அக்கா பொறந்தது இங்கதான், திபெத்தப் பாத்ததே இல்ல. இன்னும் கையில இருக்குறது வெளிநாட்டவருக்கான ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, அதப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். ஆனா தர்மசாலால இருக்குற நாடு கடந்த திபெத்திய நாடாளுமன்றத்துக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஓட்டுப் போடுறாங்க, சொந்தமா ஒரு அடி நெலம் இல்லாத நாட்டுக்கு வரிசையில நின்னு ஓட்டு! இத அவங்க சொன்னப்போ கொரல்ல சோகமே இல்ல, அடுத்த எலெக்ஷன்ல யாருக்குப் போடணும்னு வீட்ல சண்டையாம். பையன் பக்கத்து டேபிள்ல திபெத்திய எழுத்து எழுதிப் பழகிட்டு இருந்தான், நடுவுல எங்களுக்குத் தண்ணியும் கொண்டுவந்து வச்சான்.

எனக்கு இது வெறும் சாப்பாட்டுக் கடையாத் தெரியல. ரெண்டு பேரு 500 ரூபாய்க்குள்ள வயிறு நெறய சாப்பிடலாம். சனி ஞாயிறு கூட்டம் அதிகம், வார நாள்ல போனா நின்னு பேச நேரம் கிடைக்கும். லோசார்ங்குற திபெத்தியப் புத்தாண்டு சமயத்துல கடை லீவு. மார்ச் 10 அன்னிக்கும் திறக்க மாட்டாங்க, குடும்பமே ஊர்வலத்துக்குப் போயிடும்.