வெள்ளியா, பூசிய எஃகா, பீங்கானா: எரிபொருள் செல்லின் மின்னோட்டத்தை எதைக்கொண்டு எடுப்பது?

திண்ம ஆக்சைடு எரிபொருள் செல் என்பது ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் படும்போது மின்சாரம் தரும் பீங்கான் அடுக்கு. 800 டிகிரி செல்சியஸில் ஓடும் அது சுமையில் தருவது ஏறத்தாழ 0.7 வோல்ட். உலைக்கு வெளியே அதைச் சேதாரமில்லாமல் கொண்டுவருவதில்தான் பல ஆய்வகங்கள் சறுக்குகின்றன. அளவு குறைந்தால் செல்லைக் குறை சொல்கிறோம். கோளாறு பெரும்பாலும் கம்பியிலோ, கம்பி தொடும் இடத்திலோ இருக்கும்.

ஒரு கணக்கு. 0.5 மி.மீ. வெள்ளிக் கம்பி, 30 செ.மீ. நீளம், முழுவதும் 800 டிகிரியில் இருந்தால் அதன் மின்தடை சுமார் 0.1 ஓம். 1 ச.செ.மீ. பொத்தான் செல்லில் (சோதனைக்கான சிறு வட்டச் செல்) 1 ஆம்பியர் எடுத்தால் 0.1 வோல்ட் போகும். மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்குத் தனியாக இரண்டு என நான்கு கம்பி போட்டால் அந்த இழப்பு அளவீட்டில் சேராது. ஆனால் 16 ச.செ.மீ. செல்லில் 8 ஆம்பியர் எடுத்தால் 0.8 வோல்ட்: செல் தருவதையெல்லாம் கம்பியே தின்றுவிடும். 1 மி.மீ. கம்பி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் மின்தடை எட்டில் ஒன்றாகும். இதே தடிமனில் பிளாட்டினம் வைத்தால் வெள்ளியைப் போல ஐந்தாறு மடங்கு மின்தடை. விலை கூடியது என்பதால் நன்றாகக் கடத்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

எரிபொருள் பக்கத்தில் பெரிய போட்டி இல்லை. நிக்கல் வலை அல்லது நிக்கல் நுரை, அதை ஒட்ட நிக்கல் ஆக்சைடு பேஸ்ட், நிக்கல் கம்பியோடு ஸ்பாட் வெல்டிங். ஹைட்ரஜன் ஓடும்வரை நிக்கல் நிம்மதியாக இருக்கும். அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸின் குழாய்வடிவச் செல்களிலும் குழாய்களை இணைத்தது நிக்கல் கம்பளம்தான். நுரை மட்டும் நாளாக நாளாகச் சூட்டில் இறுகி மீள்தன்மை இழக்கும். மேலிருந்து எடை இல்லாவிட்டால் தொடர்பு விட்டுப்போகும். 16 ச.செ.மீ. செல்லுக்கு 2 முதல் 3 கிலோ எடை போதும். ஸ்பிரிங் வைப்பதென்றால் உலைக்கு வெளியே, குளிர்ந்த இடத்தில்.

சண்டையெல்லாம் காற்றுப் பக்கத்தில்தான்.

வெள்ளி மலிவு, மென்மை, எல்லா உலோகத்தையும்விட நல்ல கடத்தி. உருகுநிலை 962 டிகிரி என்பதால் 800-இல் பாதுகாப்பானது போலத் தெரியும். ஆனால் 750-ஐத் தாண்டினாலே மெல்ல ஆவியாகும், நுண்துளைகளுக்குள் நகர்ந்து இறங்கும். ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் படும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு வாயுவும் வெள்ளிக்குள் கரைந்து சந்தித்து நீராவியாகி, உள்ளிருந்தே ஓட்டை போடும். ஆகவே வெள்ளியை, வாயு கசியாமல் செல்லை அடைத்திருக்கும் விளிம்பில் கொண்டுபோய் முடிக்காதீர்கள்.

கோயில் நகைக்குப் பேர்போன நாகர்கோவில் வடசேரியில் கம்பி இழுத்து வாங்குவோர் 999 வெள்ளி என்று சொல்லிக் கேட்க வேண்டும். 92.5 வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு. அது காற்றில் கருத்து ஆக்சைடாகும். அதைவிட முக்கியம், அந்தக் கலவை 800 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். வெள்ளி பேஸ்ட்டை மின்முனையின் முகம் முழுக்க மெழுகாமல் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்துப் பூசுங்கள், காற்று உள்ளே போக வழி வேண்டும். 120 டிகிரியில் உலர்த்தி, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றினால் பசை மெதுவாக எரிந்து போகும்; அவசரப்பட்டால் கொப்புளித்து உரியும்.

பிளாட்டினத்துக்கும் தங்கத்துக்கும் வேலை வேறு. மின்முனைப் பொருளையே ஆராய்கிறவருக்குத் தங்கம் நேர்மையானது, ஏனென்றால் அது ஆக்சிஜன் வினையில் பெரிதாகத் தலையிடாது. பிளாட்டினமும் வெள்ளியும் தாமே வினைக்குத் துணைபோவதால், சுமாரான மின்முனையும் நல்லதாகத் தெரியும். புதிய பொருளின் அளவீட்டை வெளியிடும் முன் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

செல்களை அடுக்கும்போது, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும் என்றால், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே எஃகுத் தகடுதான் வழி. குரோஃபர் 22 ஏபியு போன்ற 22 விழுக்காடு குரோமியம் உள்ள ஃபெரிட்டிக் எஃகு, வெப்ப விரிவில் செல்லோடு ஒத்துப்போகும். இன்கோனல் என்ற நிக்கல் கலவை அதிகம் விரியும். சூடாக்கிக் குளிர்விக்கும்போது செல்லைப் பிளக்கும்.

எஃகின் தொல்லை குரோமியம். அதன் ஆக்சைடுப் படலம் நீராவியோடு சேர்ந்து வாயுவாகக் கிளம்பி, மின்முனையில் படிந்து வினை நடக்கும் இடங்களை அடைக்கும். ஸ்ட்ரான்சியம் உள்ள மின்முனை என்றால் ஸ்ட்ரான்சியம் குரோமேட்டாகவே மாறும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்கக் காரணம் உண்டு. நாகர்கோவில், குளச்சல் பக்கம் 30 டிகிரி வெயிலும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், காற்றில் நீராவி மட்டும் சுமார் 3.4 விழுக்காடு. 20 டிகிரியில் 40 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஊரில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தக் குரோமிய வாயு நீராவிக்கு நேர் விகிதத்தில் கூடும். வெளிநாட்டுக் கட்டுரையில் பூச்சில்லாத எஃகு தாங்கிய நேரம் இங்கே தாங்காது. போதாக்குறைக்குக் கடற்காற்றின் உப்பு வேறு.

ஆகவே முதலில் வடிகட்டி, பிறகு சிலிக்கா ஜெல். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் உடனே மாற்ற வேண்டும். தகட்டுக்கு மாங்கனீசு-கோபால்ட் ஸ்பைனல் (ஒருவகைக் கூட்டு ஆக்சைடு) பூச்சு. முதலில் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சூடாக்கி, பிறகு காற்றில் சூடாக்கினால்தான் பூச்சு இறுகும். விளிம்பு, துளை, வெல்டிங் தழும்பு ஆகியவற்றில் பூச்சு விட்டுப்போகும், அங்கிருந்துதான் குரோமியம் கசியும். பலரும் மறப்பது: தகட்டைப் பூசிவிட்டு, சூடான காற்றைச் செல்லுக்குக் கொண்டுவரும் குழாயை வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் விட்டால் பயனில்லை. அங்கே அலுமினாக் குழாய் போடுங்கள்.

பூசிய தகட்டுக்கும் மின்முனைக்கும் நடுவே லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட் போன்ற பீங்கான் பேஸ்ட் மெத்தையாக வர வேண்டும். தகட்டையே லாந்தனம் குரோமைட் பீங்கானில் செய்வது 1000 டிகிரிச் செல்களின் காலத்து வழி. 800-க்குக் கீழே அதன் கடத்துதிறன் எஃகுக்கு ஈடாகாது, காற்றில் சுட்டு இறுக்குவதும் கடினம். லாந்தனம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டிலும், செல்லின் நடுப்படலமான சிர்க்கோனியாவுக்கு மூலமான சிர்க்கான் அதே மணலிலும் கிடக்கின்றன. அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சரியாகக் கற்காமல் விடுவது நமக்கு அழகல்ல.

எங்கள் தீர்ப்பு இது. 750 டிகிரிக்குள், சில நூறு மணி நேரச் சோதனைக்கு வெள்ளி. மின்முனை ஆராய்ச்சிக்குத் தங்கம். அதற்கு மேல் எதுவானாலும் உலர்த்திய காற்றும் பூசிய ஃபெரிட்டிக் எஃகும் பீங்கான் பேஸ்ட்டும் சேர்ந்தே வர வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் வீண்.

காற்றுப் பக்கத்தில் எதை வைத்தாலும், எரிபொருள் பக்கத்து நிக்கலை மின்வெட்டிலிருந்து காக்க ஏற்பாடு வேண்டும். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது மின்சாரமின்றி நாட்கள் ஓடிய மாவட்டம் இது. சூடான நிக்கலில் காற்று பட்டால் அது ஆக்சைடாகி, கன அளவு சுமார் 70 விழுக்காடு வீங்கி, செல்லைப் பிளந்துவிடும். ஹைட்ரஜன் வரிசையில் மின்சாரம் போனால் மூடும் வால்வும், 5 விழுக்காடு ஹைட்ரஜனும் மீதி நைட்ரஜனும் கொண்ட சிலிண்டரின் வரிசையில் மின்சாரம் போனால் திறக்கும் வால்வும் பொருத்துங்கள். உலை 300 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை அந்த வாயு ஓடும் அளவுக்குச் சிலிண்டரில் இருப்பு உண்டா என்று ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.