தேக்கடிப் படகுச் சவாரி: நீர்மட்டம் பார்த்துப் போங்க

எங்களுக்குத் தேனி மாவட்டக் கூடலூரில் இருபோக நெல் வயல். பேப்பரைப் பிரித்ததும் அப்பா முதலில் தேடுவது பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத்தான். அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த நான், அணை தேக்கிய தேக்கடி ஏரியைக் கண்ணால் பார்த்தது போன ஏப்ரலில்தான். கூடவே அப்பத்தாவும் வந்தது.

காலை 7.30 மணிப் படகுக்கே போய்விடுங்கள். ஒன்றரை மணி நேரச் சவாரி. பனி விலகும்போது தண்ணீருக்கு நடுவே கறுத்த மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். 1895இல் அணை கட்டி நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. பட்டுப்போய் நூறு வருசத்துக்கு மேலாகியும் இன்னும் நிற்கின்றன. உச்சியில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்தன. அப்பத்தா யானையைவிட அந்த மரங்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

யானை வந்தது, குட்டியோடு ஐந்து. உடனே பாதிப் பேர் எழுந்து ஒரே பக்கமாக ஓடினார்கள். ஊழியர்கள் அதட்டி உட்கார வைத்தார்கள். 2009 செப்டம்பரில் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தயவுசெய்து உட்கார்ந்தே பாருங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு அப்பத்தா கடைசிவரை அசையவில்லை.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். அணையில் 142 அடி வரை தேக்கலாம். ஏரி நிறைந்திருந்தால் தண்ணீர் மரக்கூட்டம் வரை ஏறிவிடும், கரையே இருக்காது, மிருகமும் கண்ணில் படாது. கோடையில் நீர் இறங்கி, கரையில் புல் முளைத்திருக்கும்போது கடமானும் காட்டுமாடும் மேய வரும். மார்ச், ஏப்ரல் நல்லது. புலியை நம்பிப் போகாதீர்கள். அணையைப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள், படகு அங்கே போகாது. அப்பத்தாவுக்கு அதில்தான் பெரிய வருத்தம். பென்னிகுக் கட்டிய சுவரை ஒருதரம் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று வந்திருந்தது.

முழங்கால் வலியில்லாதவர்கள் மூங்கில் தெப்பத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். மறுநாள் சித்தப்பா மகனோடு போனேன். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் திரும்ப மாலை ஐந்தாகும். பாதி நடை, பாதி துடுப்பு. அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை துணி உறை தருகிறார்கள். எங்களோடு வந்த வழிகாட்டி ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவராம், இப்போது காட்டுக்குக் காவல். ஈர மண்ணில் கிடந்த தடத்தைப் பார்த்து, விடிவதற்கு முன் கரடி வந்து போயிருக்கிறது என்றார்.

மோட்டார் சத்தம் இல்லாத அந்தத் தெப்பத்துக்காக இன்னொரு தரம் போவேன். ஜூனில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் திறப்பதற்குள்.