வாரண்டி வண்டிக்கா, ஆளுக்கா?

காரைக்குடியில் புது வண்டி எடுக்கப் போகிறவர்கள் இப்போது மைலேஜுக்கு முன்னால் வாரண்டியைக் கேட்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அண்மையில் வண்டி மாற்றியபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: மாருதி பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக், எம்ஜி விண்ட்சர் மின்சார வண்டி. விலையில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. பிரெஸ்ஸாவை எடுத்தோம். அதற்குக் காரணம் முழுக்க முழுக்க வாரண்டிதான், அதிலும் குறைந்த ஆண்டு போட்டிருந்த வாரண்டி.

முதலில் கிலோமீட்டர் கணக்கைத் தள்ளிவிடலாம். மாருதியில் முன்பு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டராக இருந்ததை 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1 லட்சமாக உயர்த்தினார்கள். காசு கட்டினால் 6 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கலாம். இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. நம் பகுதி வீட்டு வண்டிகள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஒரு கல்யாணத்துக்கு தேவகோட்டை, எப்போதாவது மதுரை என்று ஓடுபவை. ஆண்டுக்கு எட்டாயிரம் ஓடினால் அதிகம். ஆறு ஆண்டிலும் ஐம்பதாயிரத்தைத் தொடாது. ஆகவே ஹூண்டாய், ஹோண்டா கொடுக்கும் ‘எவ்வளவு கிலோமீட்டர் வேண்டுமானாலும்’ என்ற 3 ஆண்டு வாரண்டியால் நமக்கு இம்மியும் லாபமில்லை. வாராவாரம் சென்னை போய்வருபவருக்கு அது தங்கம்: போக வர 800 கிலோமீட்டருக்கு மேல், ஆண்டுக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டும், மூன்றாம் ஆண்டு முடியுமுன்னே 1 லட்சம் தீர்ந்துவிடும். அவர் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு. நமக்கு ஆண்டுதான் கணக்கு.

வாரண்டியில் எது வராது என்பது பலருக்கும் தெரியும். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் மாதிரித் தேய்கிற சாமான்கள் வராது. டயருக்கு டயர் கம்பெனி பொறுப்பு. நம் ஊருக்கென்று ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பூட்டிய வீட்டுக் கொட்டகையில் மாதக் கணக்கில் நிற்கும் வண்டியில் எலி ஒயரைக் கடித்தால் எந்தக் கம்பெனி வாரண்டியும் கைகொடுக்காது. அதற்கு இன்சூரன்ஸில்தான் வழி தேட வேண்டும், பாலிசி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். வாரண்டி வண்டியோடு போகிறதா, முதலில் வாங்கிய ஆளோடு நின்றுவிடுகிறதா?

விண்ட்சரின் பேட்டரிக்கு ஆயுள் வாரண்டி உண்டு, ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டும். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ மின்சார வண்டிகள் இரண்டிலும் இதே கதைதான்: முதலில் பதிவு செய்த தனிநபருக்கு ஆயுள் முழுக்க; கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். இது புது வித்தையும் அல்ல. 1998-ல் அமெரிக்காவில் ஹூண்டாய் பெயர் அடிபட்டுக் கிடந்த காலத்தில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு, 1 லட்சம் மைல் என்று அறிவித்து வாடிக்கையாளரை வளைத்தது. அந்தப் பத்து ஆண்டும் முதல் உரிமையாளருக்குத்தான். வாங்கியவர் விற்றுவிட்டால் அடுத்தவருக்கு, வண்டி புதிதாக விற்ற நாளிலிருந்து 5 ஆண்டு, 60,000 மைல். அதற்கு நேர்மாறாக, ஐரோப்பாவில் கியா கொடுத்த 7 ஆண்டு வாரண்டி கை மாறினாலும் வண்டியோடு போனது. ஏழு சின்னது, பத்து பெரியது என்று எண்ணை மட்டும் பார்த்தவர் ஏமாந்திருப்பார்.

மற்ற ஊரில் இதை ‘விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடலாம். நம் ஊரில் முடியாது. இங்கே வண்டியை யார் விற்கிறார்கள்? அப்பச்சி (அப்பா) பேரில் எடுப்பது, சில ஆண்டு கழித்து அவரால் ஓட்ட முடியாமல் போனதும் மகன் பேருக்கு மாற்றுவது. மகன் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருந்தால் தம்பி பேருக்கு. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு வீட்டு வண்டியைக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. நம் மனசுக்கு வண்டி வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. ஆனால் ஆர்டிஓ ஆபீஸில் ஆர்சி புத்தகத்தில் பேர் மாறியதும் மகன் இரண்டாவது உரிமையாளர். அப்பச்சியோ மகனோ, ஒரே வளவில் சாப்பிடுகிறார்களோ இல்லையோ, வாரண்டித் தாளுக்கு அது தெரியாது. ‘முதல் உரிமையாளர்’ என்ற இரண்டு சொல்லில் ஆயுள் வாரண்டி அங்கேயே சுருங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் வண்டி அப்பச்சி பேரில்தான் இருக்க வேண்டும் என்பது முடிவான விஷயம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் மனசை மாற்றி ‘எதிர்காலத்துக்காக என் பேரில் எடுக்கிறேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லவும் கூடாது. எனவே கைமாறுவது உறுதி என்றே வைத்துக்கொண்டு பார்த்தேன். மாருதியின் நீட்டித்த வாரண்டியைப் புது உரிமையாளர் பேருக்கு எழுதி மாற்றிக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரெஸர், ஸ்டியரிங், எலக்ட்ரானிக் பெட்டிகள் என்று ஒருமுறை போனால் பர்ஸைக் காலி செய்கிற சாமான்களெல்லாம் ஆறு ஆண்டுக்கு யார் பேரில் இருந்தாலும் காப்பில் இருக்கும். மூன்றாம் ஆண்டில் பேர் மாறினால் மகனுக்கு மிச்சம் மூன்று ஆண்டு முழுசாகக் கிடைக்கும். நாளைக்கே விற்க நேர்ந்தாலும் வாங்குபவரிடம் அந்தத் தாளைக் காட்டி விலை பேசலாம். மதுரையில் பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் முதலில் புரட்டுவது சர்வீஸ் புத்தகத்தைத்தான்.

அந்தச் சர்வீஸ் புத்தகம்தான் இதில் நாம் கொடுக்கும் விலை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தாக வேண்டும். ‘வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு ஆயில் மாத்தணும்’ என்று நம் ஊரில் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால், பின்னால் கியர்பாக்ஸ் போய் நிற்கும்போது அதையே சொல்லி மறுக்க இடம் கொடுத்துவிடுவோம். வெளியே ஒயரை வெட்டி ஹாரன், விளக்கு மாட்டினாலும் அதே கதி. சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருந்தால்தான் ஆண்டுக்கொருமுறை சோம்பல்படாமல் விட முடியும். மாருதிக்கு ஊருக்குள்ளேயே இருப்பது எங்களுக்கு வசதி. இன்னொன்று, நீட்டிப்பை வண்டி எடுக்கும் அன்றே கட்டிவிட்டோம். பின்னால் கட்டினால் தொகை கூடும்.

மின்சார வண்டியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஓட்டிப் பார்த்ததும், வைத்திருக்கும் உறவினர் சொல்லக் கேட்டதும்தான் என் அனுபவம். சத்தமில்லை, செலவு குறைவு, தினமும் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. வண்டி வாங்குகிறவரே பத்து ஆண்டு தன் பேரிலேயே வைத்து ஓட்டப்போகிறார் என்றால் ஆயுள் வாரண்டி அவருக்கு உண்மையிலேயே பெரிய தைரியம். பேட்டரித் திறன் பொதுவாக 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் வாரண்டி பேசும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பச்சி ஓட்டப்போவதில்லை, பிள்ளைதான் ஓட்டப்போகிறான் என்ற வீட்டில், முதல் நாளே ஆர்சியைப் பிள்ளை பேரில் போட்டுவிட்டு மின்சார வண்டியைத் தாராளமாக எடுக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டாவின் ஹைபிரிட் இருக்கிறது: வண்டிக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம், ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். எங்கள் பட்ஜெட்டுக்கு மேலே போனதால் அதை விட்டோம். பணம் ஒத்துவந்தால், அப்பச்சி பேரில் எடுத்துப் பின்னால் மாற்ற நினைக்கும் வீட்டுக்காரர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு முன்பணம் கட்டலாம். எந்த ஷோரூமுக்குப் போனாலும் ‘எத்தனை வருஷம்’ என்று கேட்டதும், ‘மகன் பேருக்கு மாத்தினா எத்தனை வருஷம்’ என்று கேளுங்கள், பதிலை வாயால் வாங்காமல் வாரண்டிப் புத்தகத்தில் காட்டச் சொல்லுங்கள்.